ஒரு தொட்டி, ஒன்பது மீன், ஓயாத சண்டை

வீட்டில் மீன் தொட்டி வைத்தால் மனசுக்கு அமைதி என்று வாஸ்துக்காரர் முதல் டாக்டர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். அது கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்களுக்குப் பொருந்தலாம். சிக்லிட் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "காலைல எழுந்து யார் யாரைக் கடிச்சிருக்கான்னு பார்த்துட்டுதான் பல்லே தேய்ப்பேன்" என்பார்கள். எங்கள் வீட்டில் ஏழு வருஷமாக அதுதான் நடக்கிறது.

கிளாஸில் யாரிடம் பேசினாலும் "சிக்லிட்னா என்னடா?" என்று கேட்கிறார்கள். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். தெரிந்தவர்கள் இரண்டு பாரா தாண்டிப் போய்விடுங்கள்.

சிக்லிட் உங்களுக்குத் தெரியாத மீன் இல்லை. ஜிலேபி மீன் சாப்பிட்டிருக்கிறீர்களா? அது ஒரு சிக்லிட். கேரளாக்காரர்கள் வாழையிலையில் சுருட்டிப் பொரிக்கும் கரிமீன்? அதுவும் சிக்லிட். கடைகளில் கோயில் கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஏஞ்சல் ஃபிஷ்ஷும் அதே குடும்பம்தான். உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிக்லிட் இனங்கள் சுமார் 1,700. பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் தென், மத்திய அமெரிக்காவிலும் இருக்கின்றன. மடகாஸ்கரில் கொஞ்சம். நம் இந்தியாவின் சொந்தச் சரக்கு மூன்றே மூன்று இனம், அவையும் தென்னிந்தியப் பக்கம்தான்.

இந்தக் குடும்பத்துக்கு இரண்டு விசேஷம். ஒன்று, வாயில் இருக்கும் தாடை தவிர தொண்டைக்குள் இன்னொரு ஜோடி தாடை. வெளித்தாடை இரையைப் பிடிக்கும், உள்தாடை அரைக்கும். வேலையைப் பிரித்துக் கொடுத்ததால், பாறைப் பாசி சுரண்டுவது, நத்தை உடைப்பது, அடுத்த மீனின் செதிலைப் பிய்த்துத் தின்பது என்று ஒவ்வொரு இனமும் ஒரு தொழிலில் இறங்கிவிட்டது. இரண்டாவது, பிள்ளை வளர்ப்பு. முட்டையைப் போட்டுவிட்டுப் போகிற மீன்கள்தான் உலகத்தில் அதிகம். சிக்லிட்டுகள் அப்படி இல்லை. சில இனங்களில் தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். நம்ம ஜிலேபியே அப்படித்தான். டிஸ்கஸ் மீனில் அப்பா அம்மா இரண்டு பேரும் தோலில் சுரக்கும் வழவழப்பைக் குஞ்சுகளுக்கு ஊட்டுவார்கள். இத்தனை பாசம் இருந்தால் அக்கம்பக்கத்தில் சண்டை இல்லாமலா இருக்கும்?

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம்.

தொட்டி என்னுடையது இல்லை. சித்தப்பாவுடையது. 2018இல் அவருக்கு வடக்கே மாற்றலானபோது, பீரோ, கட்டில் எல்லாம் லாரியில் போனது. தொட்டி மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்போது நான் எட்டாவது. "உன்னை நம்பித்தான்டா விட்டுட்டுப் போறேன்" என்று சித்தப்பா சொன்னதும் எனக்கு ஏதோ பட்டாபிஷேகம் நடந்த மாதிரி இருந்தது.

ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 425 லிட்டர் வரும். மேலே கொஞ்சம் இடைவெளி, அடியில் மணல் எல்லாம் கழித்தால் தண்ணீர் மட்டும் 370 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு, பாறைகளையும் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். நாங்கள் தரைத்தளம் என்பதால் அப்பா ஒத்துக்கொண்டார். மாடியில் இருந்திருந்தால் வீட்டு ஓனர் எங்களைத்தான் முதலில் காலி செய்திருப்பார்.

இவ்வளவு பெரிய தொட்டி எதுக்கு என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். சிக்லிட்டுக்கு இடம்தான் சமாதானம். இரண்டடித் தொட்டியில் தோற்ற மீன் ஓடி ஒளிய இடம் இருக்காது. ஜெயித்தது துரத்திக்கொண்டே இருக்கும், ராத்திரிக்குள் ஒன்று மிதக்கும். ஐந்தடியில் தோற்றவன் அடுத்த மூலைக்குப் போய்விடலாம். பாறைகளை அடுக்கிப் பார்வையை மறைத்துவிட்டால், கண்ணில் படாதவனை ஜெயித்தவனும் மறந்துவிடுகிறான். இன்னொன்று, தண்ணீர் அதிகம் இருந்தால் அதன் குணம் மெதுவாகத்தான் மாறும். கவனிக்க நேரம் கிடைக்கும்.

தண்ணீரின் குணம் என்றால்? மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அது விஷம். ஃபில்டரில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது ஓரளவு தாங்கக்கூடியது. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக் கூட்டம் முழுசாகக் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கி, ஒரு வாரத்தில் மீன் செத்து, "நமக்கு ராசி இல்லை" என்று தொட்டியைப் பரணில் ஏற்றியவர்கள் எத்தனை பேர்! ராசி இல்லாமல் போனது பாக்டீரியாவுக்குத்தான். சித்தப்பா தொட்டியை மாற்றும்போது ஃபில்டர் ஸ்பாஞ்சைக் காயவிடாமல் பழைய தண்ணீரிலேயே வாளியில் வைத்துக் கொண்டுவந்தார். மீனை விட அந்த அழுக்கு ஸ்பாஞ்சைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்.

நைட்ரேட்டைக் குறைக்க முக்கியமான வழி, தண்ணீர் மாற்றுவது. வாரத்துக்கு 80 லிட்டர். இதுதான் 2019இல் பிரச்சினையாக வெடித்தது.

சென்னைக்காரர்களுக்கு அந்தக் கோடையை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஜூலை 12ஆம் தேதி முதல் ரயில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கத்துக்கு வந்து நின்றபோது மாலை போட்டு வரவேற்றார்கள். அந்த ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். எங்கள் போர் ஜூன் மாதமே காற்று வாங்க ஆரம்பித்துவிட்டது. லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று தெருவே குடத்தோடு நின்றது.

ஆயா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். "மனுசனுக்குக் குளிக்கத் தண்ணி இல்ல. மீனுக்கு மட்டும் வாரா வாரம் புதுத் தண்ணியா?"

ஆயா கேட்டது நியாயம். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு குடத்துக்காக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நிற்கும்போது, நம் வீட்டு ஹாலில் 370 லிட்டர் விளக்குப் போட்டு ஜொலித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? ஜன்னல் திரையை இழுத்து விட்டுத்தான் அந்த மாதங்களை ஓட்டினோம்.

நானும் அப்பாவும் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டோம். வீட்டில் நான்கு பேர். கக்கூஸுக்கு மட்டும் நாளுக்கு எப்படியும் பத்துப் பன்னிரண்டு வாளி போகிறது. அந்தத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே? லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை டிரம்மில் ஒருநாள் ஏர் மோட்டார் போட்டு வைத்து, ஆன்ட்டி குளோரின் விட்டு, முதலில் தொட்டிக்குள் ஊற்றுவது. தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீர் கக்கூஸுக்கும் துளசிச் செடிக்கும். ஆகமொத்தம், எப்படியும் கொட்டப்போகிற தண்ணீர் ஒரு வாரம் மீனுக்கு வாடகைக்குப் போய்விட்டு வருகிறது, அவ்வளவுதான். கூடவே தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினோம். சாப்பாடு குறைந்தால் கழிவு குறையும், கழிவு குறைந்தால் தண்ணீர் மாற்றுவதும் குறையும். வாரத்துக்கு 40 லிட்டரில் ஓடியது. ஒரு மீனும் சாகவில்லை. துளசி வேறு நைட்ரேட்டுக்கு மாடம் கொள்ளாமல் வளர்ந்தது. ஆயா அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் இறங்கி வந்தாள். அந்த ஏற்பாடு இன்று வரை எங்கள் வீட்டில் தொடர்கிறது.

இப்போது உறுப்பினர்களை அறிமுகப்படுத்துகிறேன். ஒரு ஆஸ்கர், பத்து அங்குலம், உருவத்தில் ரவுடி, மனசில் குழந்தை. இரண்டு செவரம். ஒரு ஜாக் டெம்ப்சி. 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த குத்துச்சண்டை வீரரின் பெயரை இதற்கு வைத்தார்கள் என்றால் சுபாவத்தைப் புரிந்துகொள்ளலாம். இரண்டு பேரட். ஒரு ஜோடி கான்விக்ட், உடம்பில் கைதிச் சட்டை மாதிரி கறுப்புப் பட்டை இருப்பதால் அந்தப் பெயர். இவை எட்டும் சிக்லிட். ஒன்பதாவதாக, அடியில் பாசி மேயும் டேங்க் கிளீனர் ஒன்று. அது சிக்லிட் இல்லை, கெளுத்தி வகை.

கலந்து வளர்ப்பதில் ஒரு சூத்திரம் உண்டு. ஒரே மாதிரி உருவமும் நிறமும் உள்ள இரண்டு இனங்களைச் சேர்க்காதே. போட்டியாளன் என்று நினைத்தால்தான் மீன் அடிக்கும். அளவில் பாதி இருப்பதைப் பெரியதோடு விடாதே, அது சாப்பாடு ஆகிவிடும். புது மீனை விடும் அன்று பாறைகளை எல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்கு. அப்போது எல்லோருக்குமே ஊர் புதுசு, பழைய பட்டாவைக் காட்டி யாரும் சண்டைக்கு வர முடியாது. இதெல்லாம் சித்தப்பா போனில் சொல்லிக் கொடுத்தது.

2021இல் பள்ளிக்கூடம் மூடியிருந்த சமயம், கான்விக்ட் ஜோடி முதல்முறை முட்டை போட்டது. ஒரு மண் பூந்தொட்டியைச் சாய்த்துப் போட்டிருந்தேன். அதன் உள்சுவரில் அரிசிக் குருணை மாதிரி வரிசை வரிசையாக முட்டை. கான்விக்டில் ஒரு வேடிக்கை, ஆணை விடப் பெண்தான் அழகு. வயிற்றில் ஆரஞ்சு நிறம் மின்னும். அந்தப் பெண் இரண்டு அங்குலம்கூட இருக்காது. ஆண் மூன்றரை. இந்த இரண்டு பொடியன்களும் சேர்ந்து, ஆஸ்கரையும் ஜாக் டெம்ப்சியையும் மற்ற எல்லோரையும் தொட்டியின் வலது மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஐந்தடித் தொட்டியில் மூன்றே முக்கால் அடி இவர்களுக்கு, மீதியில் ஏழு பேர் பஸ் ஸ்டாண்டு மாதிரி நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாம் நாள் முட்டை பொரிந்து வால் துடித்தது. அடுத்த ஐந்து நாள் குஞ்சுகளை வாயில் அள்ளி ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு காலை, சாம்பல் புகை மாதிரி ஒரு கூட்டம் தரையிலிருந்து எழும்பி நீந்தியது. தாய் கூட்டத்தின் நடுவில். தகப்பன் எல்லையில். தாய் தரையில் கிடக்கும் இலையை வாயால் புரட்டிக் கொடுக்கும், கீழே இருக்கும் நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் மேயும். யாராவது கிட்டே வந்தால் தாய் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கும், அத்தனை குஞ்சும் தரையோடு படுத்துவிடும். இதை யார் இதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

கொன்ராட் லோரன்ஸ் என்று ஓர் ஆஸ்திரிய விஞ்ஞானி. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டவர். அவர் வளர்த்த ஜுவல் சிக்லிட் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு சாயங்காலம் தகப்பன் மீன், வழிதவறிய குஞ்சுகளை வாயில் அள்ளிக் கூட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. இடையில் ஒரு புழுத்துண்டு கிடைக்க அதையும் வாயில் போட்டுக்கொண்டது. அதே நேரம் ஒரு குஞ்சு எதிரே வந்தது. அதையும் அள்ளிக்கொண்டது. இப்போது ஒரே வாயில் விழுங்க வேண்டியது ஒன்று, காப்பாற்ற வேண்டியது ஒன்று. அந்த மீன் அசையாமல் நின்றதாம். பிறகு இரண்டையும் கீழே துப்பி, புழுவை நிதானமாகத் தின்று, குஞ்சை மறுபடி வாயில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதாம். மீனுக்கு யோசனை உண்டா இல்லையா என்று யாராவது வாதம் செய்தால் இந்தக் கதையைத்தான் நான் சொல்வேன்.

குஞ்சு பொரிப்பது பெரிய விஷயமே இல்லை. கான்விக்டைப் பொறுத்தவரை பொரிக்காமல் தடுப்பதுதான் கஷ்டம். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு. நடுவில் தடுப்புக் கண்ணாடி போட்டு, ஆர்ட்டீமியா முட்டையை உப்புத் தண்ணீரில் காற்று விட்டுப் பொரிய வைத்து ஊட்டினால் முக்கால்வாசி பிழைத்துவிடும். முதல் தடவை பிழைத்தவை எண்பதுக்கு மேல். இரண்டு மாதத்தில் அரை அங்குலத்தைத் தாண்டிவிட்டன. அப்புறம்?

இந்த "அப்புறம்?" என்ற கேள்விக்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

மாடி வீட்டுத் தாத்தா நல்ல மனசோடு ஒரு யோசனை சொன்னார். "ரெட்டேரியில கொண்டுபோய் விட்டுடு தம்பி. ஜீவகாருண்யம், புண்ணியமாப் போகும்."

நான் அவருக்கு ஜிலேபிக் கதையைச் சொன்னேன். அது ஆப்பிரிக்க மீன். 1952இல்தான் இந்தியாவுக்குள் வந்தது. ஏழைகளுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கும் என்ற நல்ல எண்ணத்தில் கொண்டுவந்தார்கள். இன்று ஜிலேபி இல்லாத ஏரி குளம் நம் ஊரில் இருக்கிறதா? கிடைத்ததைத் தின்று, வருஷம் முழுக்கக் குஞ்சு பொரித்து, அவற்றைக் காவலும் காக்கிற மீனோடு, முட்டையைப் போட்டுவிட்டுப் போகிற நம் கெண்டைகள் எப்படிப் போட்டி போடும்? தொட்டியில் "சாதுவாக" இருக்கும் டேங்க் கிளீனரும் அதே கதைதான். வீட்டில் பெரிதாகிவிட்டது என்று யாரோ கொண்டுபோய் விட்டது, இன்று ஏரிகளில் மீனவர் வலையைக் கிழிக்கிறது, விற்கவும் முடியவில்லை. மீனுக்குச் செய்கிற புண்ணியம் ஏரிக்குப் பாவமாக முடிகிறது. தாத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கோயில் குளத்துல?" என்றார். :-)

கடைசியில் கொளத்தூர்தான் கைகொடுத்தது. வண்ண மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான் தலைநகரம். கடைகள் மட்டுமில்லை, மொட்டை மாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் பெருக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் அந்தப் பக்கம் ஏராளம். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு கடைக்கார அண்ணன் எண்பதையும் எடுத்துக்கொண்டு தீனியாகக் கணக்குத் தீர்த்தார். அடுத்த இரண்டு ஈட்டையும் அப்படியே ஓடியது.

2023இல் பெண் கான்விக்ட் வயசாகிச் செத்துப்போனது. ஆண் ஒரு மாதம் அந்தப் பூந்தொட்டிக்குள்ளேயே கிடந்தது. பிறகு, நம்பமாட்டீர்கள், பேரட்களில் ஒன்றோடு ஜோடி சேர்ந்துவிட்டது.

பேரட் பற்றி ஒரு வார்த்தை. அது இயற்கையில் கிடையாது. 1980களில் தைவானில் இரண்டு அமெரிக்க சிக்லிட் இனங்களைக் கலந்து உண்டாக்கியது. உருண்டை உடம்பு, ஆரஞ்சு நிறம், கிளி மூக்கு. பார்க்க அழகு. ஆனால் அதன் வாயைக் கிட்டத்தில் பாருங்கள். சரியாக மூடாது. அதனால் கடிக்கவும் வராது, தொண்டைத் தாடையை வைத்துத்தான் சமாளிக்கிறது. ஆண் பேரட்கள் பெரும்பாலும் மலடு. எங்கள் பேரட்கள் இரண்டும் எத்தனையோ தடவை முட்டை போட்டு, எல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துப் போயின. ஆனால் பெண் பேரட்டுக்குக் குறை இல்லை. வேறு இன ஆண் கிடைத்தால் முட்டை பொரியும். இந்தத் தடவை பொரிந்தது.

கடைக்கார அண்ணனிடம் போன் போட்டேன். அவர் குரலே மாறிவிட்டது. "தம்பி, அது ஜெல்லி பீன்! நல்லா வளத்துக் கொண்டா, பீஸுக்கு 30 ரூபா தரேன்." அறுபது குஞ்சு பிழைத்தால் 1,800 ரூபாய். அப்போது எனக்கு காலேஜில் முதல் வருஷம். செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். அந்தத் தொகையின் அருமை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. காரணம், அப்போது நான் படித்துக்கொண்டிருந்த விக்டோரியா ஏரிக் கதை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் அந்த ஏரி சுமார் 15,000 வருஷத்துக்கு முன் வறண்டு, மறுபடி நிறைந்தது. அதற்குப் பின் வந்த குறுகிய காலத்தில் அங்கே சுமார் 500 சிக்லிட் இனங்கள் உருவாயின. பரிணாமக் கணக்கில் இது கண்மூடித் திறக்கும் நேரம். 1950களில் ஆங்கிலேயர் ஆட்சியில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனை அங்கே விட்டார்கள். 100 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது. 1980களில் அது பெருகியபோது நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் காணாமல் போயின. இது பலருக்கும் தெரிந்த கதை. எனக்குப் புதுசாக இருந்தது இரண்டாவது கதை.

நைல் பெர்ச் தின்னாமல் விட்ட சிக்லிட்டுகளும் குறைந்தன. சீஹவுசன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 1997இல் அதற்கு ஒரு காரணத்தைக் காட்டினார்கள். அங்கே பக்கத்துப் பக்கத்து இனங்களுக்கு நடுவே பெரிய வேலி எதுவும் இல்லை. ஒன்றின் ஆண் நீலம், இன்னொன்றின் ஆண் சிவப்பு. பெண் மீன் நிறம் பார்த்துத் தன் இனத்து ஆணைத் தேர்ந்தெடுக்கும். அந்த ஒரு தேர்வுதான் இரண்டு இனத்தையும் பிரித்து வைத்திருந்தது. வயல் உரமும் ஊர்க் கழிவும் ஏரியில் கலந்து தண்ணீர் கலங்கியதும் நிறம் தெரியவில்லை. நிறம் தெரியாததால் தேர்வு இல்லை. கலந்துவிட்டன. யாரும் யாரையும் தின்னாமலே, இரண்டு இனம் இருந்த இடத்தில் மங்கலான ஒன்று மிஞ்சியது.

ஜிலேபிக்கும் இதே விதி என்பதுதான் கொடுமை. நம் ஊரில் எங்கு பார்த்தாலும் இருக்கும் அந்த மொசாம்பிக் ஜிலேபி, தன் தாய்நாட்டில் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. அங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நைல் ஜிலேபியோடு கலந்து கலந்து அசல் மறைந்துகொண்டிருக்கிறது.

ஏரியில் தண்ணீர் கலங்கியதால் நடந்தது, என் ஹாலில் வேறு பெண்ணே இல்லாததால் நடந்தது. இந்த அறுபதும் கடைக்குப் போகும். கொஞ்சம் கான்விக்ட் சாயலில் இருப்பதை யாரோ கான்விக்ட் என்றே வாங்கிப் பெருக்குவார்கள். பாதிக்கு அம்மாவின் மூடாத வாய் வரலாம். அதையும் "க்யூட்" என்று விற்பார்கள். இதய வடிவம் வருவதற்காக பேரட் குஞ்சின் வாலை வெட்டுகிற வியாபாரமே உலகத்தில் இருக்கிறதே!

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, ஃபிளவர்ஹார்னும் கலப்புதான். மலேசியாக்காரன் கலந்தான். வாஸ்துன்னு சொல்லி ஊரே வாங்குச்சு. அது வித்த காசுலதான் என் பொண்ணு இன்ஜினியரிங் முடிச்சா. நீ வேணாம்னா வேணாம், ஆனா தப்புன்னு சொல்லாத" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதில் அரைவாசி எனக்குச் சரியாகவே பட்டது. கோல்டு ஃபிஷ்ஷிலிருந்து ஃபைட்டர் வரை மனிதன் கை வைக்காத தொட்டி மீன் எது? கொளத்தூர் மாடிகளில் பெருகும் மீனால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது? அந்த வீடுகளுக்கு நான் நீதிபதி இல்லை. என் தொட்டிக்கு மட்டும்தான் பொறுப்பு.

அதனால் ஒன்று செய்தேன். தடுப்புக் கண்ணாடி போடவில்லை. ஆர்ட்டீமியா பொரிக்கவில்லை. கலப்புத் தொட்டியில் மனிதன் கை கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். ஆஸ்கரும் ஜாக் டெம்ப்சியும் ராத்திரியில் வேலையைப் பார்த்துக்கொண்டன. ஒன்பது நாளில் குஞ்சுகள் தீர்ந்தன. அந்த ஒன்பது நாளும் கான்விக்ட் ஆண் காவலை விடவே இல்லை. பேரட்டால் கடிக்க முடியாது என்பதால் இரண்டு பேர் வேலையையும் அதுவே செய்தது. தன்னைப் போல் மூன்று மடங்கு இருக்கும் ஆஸ்கரின் முகத்தில் போய் முட்டியது. அதற்குத் தெரியுமா இது கலப்பு, இது அசல் என்று? அதைப் பொறுத்தவரை பிள்ளை, அவ்வளவுதான். செய்தது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த ஒன்பது நாளும் ஹாலில் சாப்பிட உட்காரவில்லை என்பதும் உண்மை.

பிறகு பூந்தொட்டியை எடுத்துவிட்டேன். முட்டை போட இடம் கிடைத்தால்தானே ஜோடி நிலைக்கும். பாறைகளைக் கலைத்து அடுக்கியதும் ஆண் மீன் பழையபடி தனியாளாகிவிட்டது.

யாராவது இதைப் படித்துவிட்டு சிக்லிட் வளர்க்கலாம் என்று நினைத்தால், எனக்குத் தெரிந்த நான்கே விஷயம்:

தொட்டியை முதலில் வாங்குங்கள், மீனை ஒன்றரை மாதம் கழித்து வாங்குங்கள்.

கலந்து வளர்ப்பதென்றால் நான்கடிக்குக் குறைந்து வேண்டாம்.

ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கும் முன், குஞ்சுகளை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் இல்லை என்றால் ஒரே பாலாக வாங்குங்கள்.

என்ன ஆனாலும் ஏரி, குளம், கிணறு, கோயில் குளம் எதிலும் விடாதீர்கள்.

ஆஸ்கர் பத்து வருஷத்துக்கு மேல் வாழும். எங்களுடையதற்கு இன்னும் நான்கைந்து வருஷம் பாக்கி இருக்கலாம். எனக்கு காலேஜ் முடிய ஒரு வருஷம்தான் பாக்கி. வேலை எந்த ஊரில் கிடைக்குமோ தெரியாது. அரை டன் தொட்டியை ஹாஸ்டலுக்கா கொண்டுபோக முடியும்? போன வாரம் அம்மா, ஸ்பாஞ்சை எந்தத் தண்ணீரில் அலசணும் என்று தானாகவே கேட்டாள். குழாய்த் தண்ணீரில் அலசாதே, குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசு என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள்.